வடகிழக்கு பருவமழையும் நம்ம பிளைட்டும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஐப்பசி பொறந்துட்டா போதும், எனக்கு வர்ற மெசேஜ் பூரா ஒரே மாதிரிதான் இருக்கும். "ரெட் அலர்ட் போட்ருக்கான், நாளைக்கு பிளைட் போகுமா?" ஏர்போர்ட் வானிலை ரிப்போர்ட் படிக்கிற பழக்கம் எனக்கு இருக்குன்னு தெரிஞ்ச சொந்தக்காரங்க, ஆபீஸ்காரங்க, அவங்களோட சொந்தக்காரங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிருக்கேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்ருக்கேன். பெரும்பாலும் சென்னைய வச்சுதான் இருக்கும், ஏன்னா பாதிப்பு அங்கதான் அதிகம், மத்த ஊரு பத்தியும் நடுநடுவுல வரும்.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் சென்னைக்கு டிக்கெட் போடுறதே ரிஸ்க்கா?

இல்லவே இல்ல. பருவமழை சராசரியா அக்டோபர் 20 வாக்குல ஆரம்பிக்கும், மூணு மாசத்துல தமிழ்நாட்டுக்கு சுமார் 44 செ.மீ. மழை கிடைக்கும். ஆனா அது தினமும் கொஞ்சம் கொஞ்சமா பெய்யிற மழை கிடையாது. ஒரு காத்தழுத்த தாழ்வு வரும், ரெண்டு மூணு நாள் வெளுத்து வாங்கும், அப்புறம் ஒரு வாரம் பத்து நாள் வெயில் அடிக்கும், திரும்ப ஒண்ணு வரும். இந்த இடைவெளி நாள்ல எல்லாம் பிளைட் சாதாரணமா ஓடும்.

நெஜமாவே கவலைப்பட வேண்டியது, தாழ்வு மண்டலமோ புயலோ கரைக்கு பக்கத்துல நிக்கிற அந்த ஒண்ணு ரெண்டு நாளைக்கு மட்டும்தான். மூணு மாசத்துக்கு பயணத்த தள்ளி போடுறதுல அர்த்தமே இல்ல. கல்யாணம், இண்டர்வியூ மாதிரி தேதி மாத்த முடியாத வேலைன்னா ஒரு நாள் முன்னாடியே போய் சேர்ற மாதிரி போட்டுக்கோங்க, அவ்ளோதான்.

ரெட் அலர்ட்னா பிளைட் கேன்சல்னுதானே அர்த்தம்?

ரொம்ப பேருக்கு இருக்குற குழப்பம் இது. வானிலை மையம் குடுக்குற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் மாவட்டத்துக்கு குடுக்குறது, அதுவும் ஒரு நாள் முழுக்க எவ்ளோ மழை பெய்யலாம், நிர்வாகம் எவ்ளோ தயாரா இருக்கணும்ங்கிறத வச்சு. 24 மணி நேரத்துல 6.45 செ.மீ. தாண்டினா கனமழை, 11.56 தாண்டினா மிக கனமழை, 20.44க்கு மேல போனா அதி கனமழை. பெரும்பாலும் இந்த கடைசி வகைய எதிர்பாக்கும்போதுதான் சிவப்பு போடுவாங்க.

ஆனா பிளைட்டுக்கு வேண்டியது அந்த ஒரு மணி நேரத்துல, அந்த ரன்வேல நெலம எப்படி இருக்குங்கிறதுதான். 20 செ.மீ. மழை நாள் பூரா நிதானமா பெஞ்சா பிளைட் எல்லாம் கொஞ்சம் லேட்டா போயிட்டே இருக்கும், அலர்ட்டே இல்லாத நாள்ல சாயங்காலம் முக்கால் மணி நேரம் இடியோட கொட்டுச்சுன்னா பத்து பிளைட் மேல சுத்திட்டு நிக்கும். அதனால சிவப்புன்னு பாத்த உடனே டிக்கெட்ட கேன்சல் பண்ண போயிடாதீங்க. ஏர்போர்ட்டுக்கு போற ரோடு எப்படி இருக்கும்னு யோசிக்கிறதுக்குத்தான் அந்த கலர் அதிகம் உதவும்.

அப்போ பிளைட்டுக்கு எதுதான் பிரச்சனை, மழையா காத்தா?

காத்து, பார்வை தூரம், ரன்வேல நிக்கிற தண்ணி, இடிமேகம். வெறும் மழை இந்த லிஸ்ட்லயே இல்ல பாருங்க. மழைல நனைஞ்சுட்டு பறக்குறது விமானத்துக்கு ஒரு விஷயமே கிடையாது.

காத்த எடுத்துக்கோங்க. சென்னையோட பெரிய ரன்வே சுமார் 3.6 கி.மீ. நீளம், கிட்டத்தட்ட கிழக்கு மேற்கா இருக்கு, கிழக்கு முனை லேசா வடக்க பாத்து திரும்பியிருக்கும். விமானம் எப்பவும் எதிர்காத்துலதான் ஏறவும் எறங்கவும் விரும்பும், அதனால வாடைக்காத்து சீசன்ல மேற்கு பக்கமா வந்து எறங்கி, கடல் பாத்து ஏறுவாங்க. இது வரைக்கும் சௌகரியம். புயல் சென்னைக்கு நேர் கிழக்க கடல்ல வந்து நின்னுச்சுன்னா கதை மாறிடும், நம்ம பக்கம் புயல் காத்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசைல சுத்துறதால காத்து வடக்குல இருந்து அடிக்க ஆரம்பிக்கும், அது ரன்வேக்கு குறுக்க வர்ற காத்து. ஏர்பஸ் ஏ320 சோதனைல குறுக்குக்காத்துல எறங்கி காட்டுன அளவு 38 நாட், அதாவது மணிக்கு சுமார் 70 கி.மீ., திடீர் வீச்சையும் சேத்து. ரன்வே ஈரமா இருந்தா ஏர்லைன்ஸ் வச்சிருக்குற வரம்பு அதுக்கும் கீழ போயிடும்.

பார்வை தூரம்னா, சாதாரண கருவி வழி எறக்கத்துக்கு, முதல் வகைன்னு சொல்வாங்க, ரன்வேல குறைஞ்சது 550 மீட்டர் தெரியணும், 200 அடி உயரத்துக்கு வரும்போது பைலட் கண்ணுக்கு ரன்வேயோ லைட்டோ தெரிஞ்சே ஆகணும். தண்ணி விஷயத்துல 3 மில்லிமீட்டர்தான் கோடு. அதுக்கு மேல நின்னா டயர் தரைய தொடாம தண்ணி மேல வழுக்க வாய்ப்பு இருக்கு, பிரேக் பிடிக்காது, நிக்கிறதுக்கு ரொம்ப தூரம் வேணும். மழை விட்டதும் பத்து நிமிஷத்துல பிளைட் எறங்க ஆரம்பிக்கிறத பாத்திருப்பீங்க, அந்த தண்ணி வடியத்தான் காத்திருப்பாங்க.

மின்னல் பிளைட் மேல விழுந்தா என்ன ஆகும்?

பெரும்பாலும் உள்ள இருக்குறவங்களுக்கு ஒரு சத்தம், ஒரு வெளிச்சம், அவ்ளோதான். கரண்ட் வெளி உடம்பு வழியாவே ஓடி வெளிய போயிடும். பயணிகள் விமானம் ஒவ்வொண்ணும் சராசரியா வருஷத்துக்கு ஒரு தடவ மின்னல் வாங்குதுன்னு சொல்வாங்க. எறங்குன பிறகு செக் பண்ணுவாங்க, அதனால அடுத்த டிரிப் லேட் ஆகலாம்.

பைலட் இடிமேகத்துக்குள்ள போகாம சுத்தி போறதுக்கு காரணம் மின்னல விட அதுக்குள்ள இருக்குற காத்துதான். மேல கீழன்னு வேகமா அடிக்கும், ஆலங்கட்டியும் இருக்கும். நம்ம ஊரு மாதிரி வெப்ப பகுதில இந்த மேகம் 50,000 அடி வரைக்கும் வளரும், ஜெட் பறக்குறதே 35,000 சொச்சம்தான், அதனால எல்லா நேரமும் மேல தாண்டி போயிட முடியாது, பக்கவாட்டுலதான் ஒதுங்கணும்.

எறங்க வந்துட்டு திடீர்னு மேல தூக்கிட்டாங்க. பைலட்டுக்கு எறக்க தெரியலையா?

தெரிஞ்சதாலதான் தூக்குனாரு. இத கோ-அரவுண்ட்னு சொல்வாங்க, ஒவ்வொரு பைலட்டும் சிமுலேட்டர்ல திரும்ப திரும்ப பழகுற விஷயம். மேல சொன்ன காத்து, பார்வை தூரம், ரெண்டுல எது கடைசி நேரத்துல கெட்டாலும் எறங்காம ஏறிடணும்ங்கிறதுதான் விதி. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் அன்னைக்கு சென்னைல ஒரு விமானம் ஆடி ஆடி வந்து, தரைய தொடுற நேரத்துல திரும்ப ஏறுன வீடியோ எல்லார் போன்லயும் சுத்துச்சு. அத பாத்து பயந்தவங்க நிறைய பேரு, ஆனா அந்த வீடியோல நான் பாத்தது சரியான முடிவு எடுத்த ஒரு பைலட்ட.

மேல சுத்திட்டே இருக்குறதுக்கும் கணக்கு உண்டு. மாத்து ஏர்போர்ட்டுக்கு போற அளவு எரிபொருள், அதுக்கு மேல கடைசி 30 நிமிஷத்துக்கு தொடக்கூடாத இருப்பு, இதெல்லாம் போகத்தான் சுத்துற நேரம். அந்த நேரம் முடிஞ்சா பெங்களூருக்கு திருப்பிடுவாங்க, சில சமயம் ஹைதராபாத், திருச்சி, கோயம்புத்தூர்.

பெங்களூர்ல எறக்கிட்டாங்க. அங்கயே எறங்கி பஸ் புடிச்சு வந்துரலாமா?

உள்நாட்டு பிளைட்ன்னா கேட்டு பாக்கலாம், ஏர்லைன் ஒத்துக்கிட்டா விடுவாங்க, ஆனா செக்-இன் பெட்டி உடனே கைக்கு வராது. பெரும்பாலும் எரிபொருள் போட்டுட்டு, சென்னை சரியானதும் ஒன்றரை ரெண்டு மணி நேரத்துல கிளம்பிடுவாங்க, அதனால உள்ளயே உக்காந்திருக்கிறதுதான் சீக்கிரம். ஒரே ஒரு சிக்கல், பைலட்டோட டியூட்டி நேரம் முடிஞ்சுட்டா சட்டப்படி அவரால ஓட்ட முடியாது, வேற ஆள் வர்ற வரைக்கும் நிக்க வேண்டியதுதான். வெளிநாட்டுல இருந்து வர்ற பிளைட்ன்னா இமிகிரேஷன் காரணமா பொதுவா எறங்க விட மாட்டாங்க.

இங்க நல்லா வெயில் அடிக்குது, ஆனா பிளைட் மூணு மணி நேரம் லேட்டுன்றாங்க. பொய்தானே சொல்றாங்க?

பொய்யா இருக்கணும்னு அவசியம் இல்ல. நீங்க ஏறப்போற விமானம் அன்னைக்கு காலைல இருந்து நாலஞ்சு ஊரு சுத்திட்டுதான் உங்ககிட்ட வரும். மதுரைல வெயில் அடிச்சாலும் அந்த விமானம் சென்னைல இருந்து கிளம்ப முடியாம நின்னா உங்களுக்கு லேட்டுதான். பிளைட் டிராக்கர் ஆப்ல உங்க பிளைட்டுக்கு வர்ற விமானம் எதுன்னு பாத்து, அது இப்போ எங்க நிக்குதுன்னு தேடுங்க. அறிவிப்பு பலகைய விட அதுல சீக்கிரம் உண்மை தெரியும்.

இன்னொரு காரணம் கண்ணுக்கே தெரியாது. ஏர்போர்ட் பக்கத்துல மின்னல் இருந்தா வெளில வேலை செய்யிற ஆளுங்கள உள்ள கூப்ட்டுருவாங்க, பெட்டி ஏத்துறது, எரிபொருள் போடுறது எல்லாம் நின்னுடும். மழை லேசா தூறும், விமானம் வாசல்ல நிக்கும், ஆனா ஒண்ணும் நகராது. அந்த ஆளுங்க உசுரு முக்கியம், அதுக்காக காத்திருக்கிறது சரிதான்.

டிசம்பர் ஆனா டெல்லி பனிமூட்டமும் சேந்துக்கும். காலைல டெல்லில கிளம்ப வேண்டியது நின்னா மத்தியானம் சென்னை, சாயங்காலம் கோயம்புத்தூர்னு நாள் பூரா அது இழுக்கும். நம்ம ஊர்லயே மார்கழி கடைசில போகி அன்னைக்கு விடியக்காலைல புகையும் பனியும் கலந்து பார்வை தூரம் விழுந்துடும், அன்னைக்கு காலை பிளைட்ட முடிஞ்சா தவிர்த்துடுங்க.

காலை பிளைட் நல்லதா, சாயங்காலம் நல்லதா?

ஊர பொறுத்து. கடலோரத்துல, அதாவது சென்னை பக்கம், பருவமழை பெரும்பாலும் ராத்திரில இருந்து விடியக்காலை வரைக்கும்தான் கொட்டும், கடல்ல உருவாகுற மேகம் அந்த நேரத்துல உள்ள வரும், பத்து மணிக்கு மேல கொஞ்சம் ஓயும். உள் மாவட்டத்துல, மதுரை, சேலம், கோயம்புத்தூர் பக்கம், முக்கியமா அக்டோபர்ல, மத்தியானத்துக்கு மேலதான் இடி மழை. இத மட்டும் பாத்தா சென்னைக்கு பகல் 10ல இருந்து 3 மணிக்குள்ள, உள் மாவட்டத்துக்கு காலைலன்னு சொல்லிடலாம்.

ஆனா நாளோட முதல் பிளைட்டுக்கு ஒரு பெரிய பலம் இருக்கு. விமானம் ராத்திரியே வந்து நின்னிருக்கும், போன கேள்வில சொன்ன சங்கிலி லேட்டு அதுக்கு கிடையாது. அது கேன்சல் ஆனாலும் அன்னைக்கே வேற பிளைட்ல போக நேரம் இருக்கும். கடைசி பிளைட் கேன்சல் ஆனா ராத்திரி அங்கயேதான். என்ன கேட்டா, புயல் இல்லாத சாதாரண மழை வாரத்துல முதல் பிளைட், இல்ல முன்பகல் பிளைட், இது ரெண்டுதான் போடுவேன். ராத்திரி 9 மணிக்கு மேல இருக்குறத போடவே மாட்டேன்.

நாளைக்கு எப்படி இருக்கும்னு நாங்களே பாத்துக்க முடியுமா?

தாராளமா. ஏர்போர்ட்டுக்குன்னே ரெண்டு ரிப்போர்ட் உண்டு, இணையத்துல இலவசமா கிடைக்கும். மெட்டார்னா இப்போ எப்படி இருக்குங்கிறது, சென்னைக்கு அர மணிக்கு ஒண்ணு வரும். டாஃப்னா அடுத்த ஒரு நாள், கொஞ்சம் கூடுதலாவும், ஏர்போர்ட்டுக்கு மட்டுமான முன்னறிவிப்பு. சென்னையோட குறியீடு விஓஎம்எம். முதல்ல காத்து வரும், 36025ஜி40 மாதிரி இருந்தா 360 டிகிரில இருந்து, அதாவது நேர் வடக்குல இருந்து, 25 நாட் காத்து, வீச்சு 40 நாட்னு அர்த்தம். மேல சொன்ன ரன்வே திசைய நெனச்சு பாருங்க, இது குறுக்குக்காத்து, அன்னைக்கு சந்தேகம்தான். அடுத்து நாலு இலக்க எண் பார்வை தூரம் மீட்டர்ல, 0800னா 800 மீட்டர். டிஎஸ்ஆர்ஏன்னு இருந்தா இடியோட மழை, சிபின்னு இருந்தா இடிமேகம்.

வீட்ட விட்டு கிளம்ப ரெண்டு மணி நேரம் முன்னாடி ரேடார் படத்த பாக்குறது இன்னும் உபயோகம். சென்னைல துறைமுகத்துல ஒண்ணு, பள்ளிக்கரணைல ஒண்ணு டாப்ளர் ரேடார் இருக்கு, படம் வானிலை துறை தளத்துலயே போடுவாங்க. செவப்பு பட்டை கடல்ல இருந்து எவ்ளோ வேகமா வருதுன்னு அடுத்தடுத்த படத்துல பாத்தாலே அடுத்த ஒரு மணி நேரம் பிடிபட்டுடும். ஒரு வாரம் முன்னாடியே "இந்த தேதில புயல்"னு படம் போட்டு வாட்ஸப்ல சுத்துறத நம்பி டிக்கெட் மாத்தாதீங்க, அவ்ளோ முன்னாடி புயலோட பாதை நிறைய மாறும்.

புயல் ஆந்திரா பக்கம் போகுதுன்றாங்க, அப்புறம் ஏன் சென்னை ஏர்போர்ட்ட மூடுறாங்க?

கரைய எங்க கடக்குதுங்கிறது டிவிக்கு முக்கியம், ஏர்போர்ட்டுக்கு அது நம்மள எவ்ளோ பக்கத்துல, எவ்ளோ மெதுவா தாண்டுதுங்கிறதுதான் முக்கியம். மிக்ஜாம் 2023 டிசம்பர் 5ஆம் தேதி கரைய கடந்தது ஆந்திரால பாபட்லா பக்கத்துல. ஆனா அதுக்கு முந்தின நாள் சென்னைக்கு கிழக்க கடல்ல ஊர்ந்து போச்சு, ரன்வேல தண்ணி, ஏர்போர்ட் மூடி மறுநாள் காலைலதான் தொறந்தாங்க. ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம்தான் கடந்துச்சு, அப்பவும் சென்னை ஏர்போர்ட் மத்தியானத்துல இருந்து நடுராத்திரி தாண்டி மூடியிருந்துச்சு. நேரா சென்னை மேலயே ஏறுனது 2016 டிசம்பர் 12 வர்தா.

2015 டிசம்பர்ல புயலே இல்ல. அடையாறு பொங்கி ஏர்போர்ட்டுக்குள்ள வந்துச்சு, ரெண்டாவது ரன்வே அந்த ஆத்து மேல பாலம் போட்டுதான் போகுது, அதனால ஆறு ஏறுனா ஏர்போர்ட்டுக்கு தப்பிக்க வழியில்ல. டிசம்பர் 1 ராத்திரி மூடுனது 6ஆம் தேதி வாக்குலதான் பயணிகள் பிளைட்டுக்கு தொறந்துச்சு, நடுவுல அரக்கோணம் கடற்படை தளத்துல இருந்து பயணிகள ஏத்துனாங்க. செம்பரம்பாக்கம் ஏரி தண்ணி அடையாறுலதான் வரும், அதனால அங்க இருந்து நிறைய தண்ணி தொறக்குற செய்தி வந்தா, வானம் தெளிவா இருந்தாலும் ஏர்போர்ட் நிலவரத்த பாருங்க.

றெக்கைல காத்தாடி வச்ச சின்ன பிளைட் மழைக்கு தாங்குமா?

ஏடிஆர் பத்தி கேக்குறீங்க. தாங்கும், மழைக்கு அதுவும் அதே பாதுகாப்புதான். ஆனா அது பறக்குற உயரம் 25,000 அடிக்குள்ள, மேகத்துக்கு நடுவுலதான் வழி தேடணும், அதனால ஆட்டம் கூடுதலா தெரியும், வயித்த பெரட்டும். நடுவுல, றெக்கை பக்கத்து சீட் எடுத்தா ஆட்டம் கொஞ்சம் கம்மி. 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல 95 செ.மீ. கொட்டுன மாதிரி நாள்ல தூத்துக்குடிக்கு எந்த பிளைட்டும் போகாது, சின்னதோ பெருசோ.

நவம்பர்ல அந்தமான் போலாமா?

போலாம், ஆனா திரும்பி வர்ற நாளுக்கும் ஆபீஸ் போற நாளுக்கும் நடுவுல ஒரு நாள் விடுங்க. நம்மள நோக்கி வர்ற தாழ்வு நிறைய அந்தமான் கடல்லதான் பொறக்குது. பக்கத்துல மாத்து ஏர்போர்ட் இல்லாததால போர்ட் பிளேர்ல எறங்க முடியலன்னா விமானம் பெரும்பாலும் கிளம்புன எடத்துக்கே திரும்ப வேண்டி வரும்.

மழையால கேன்சல் ஆனா பணம், சாப்பாடு, ரூம் எல்லாம் குடுக்கணும்ல?

டிஜிசிஏ, அதாவது நாட்டோட விமான போக்குவரத்த ஒழுங்குபடுத்துற அரசு அமைப்பு, அதோட விதிப்படி கேன்சல் ஆனா வேற பிளைட் அல்லது முழு பணம், இதுல ஒண்ண நீங்க கேட்டு வாங்கலாம். இழப்பீடு மட்டும் கிடையாது, வானிலையும் விமான கட்டுப்பாட்டு அறை முடிவும் ஏர்லைன் கைல இல்லாத காரணம்னு விதிலயே இருக்கு. சாதாரண லேட்டுக்கு, ரெண்டரை மணி நேரத்துக்குள்ள இருக்குற பயணத்துல 2 மணி நேரம் தாண்டினா சாப்பாடு குடுக்கணும். மழை நாள்ல சாப்பாடு, ரூம் ரெண்டையும் உரிமைன்னு அடிச்சு பேச முடியாது, ஆனா கவுண்டர்ல பொறுமையா கேட்டா பல நேரம் ஏற்பாடு பண்றாங்க. வயசானவங்க, கைக்குழந்தை இருந்தா அத முதல்லயே சொல்லுங்க. மாத்திரைய செக்-இன் பெட்டில போடாதீங்க, கைப்பைல வைங்க.

நாளைக்கு புயல்னு நானே இன்னைக்கு கேன்சல் பண்ணிட்டா நல்லதா?

அவசரப்படாதீங்க. நீங்க கேன்சல் பண்ணா உங்க கட்டணத்துக்கு உள்ள பிடித்தம் போகத்தான் வரும், வரியும் ஏர்போர்ட் கட்டணமும் மட்டும் எப்படியும் திரும்ப வரணும். அவங்க கேன்சல் பண்ணா முழுசா வரும். புயல் நெருங்கும்போது ஏர்லைன்ஸ் பல நேரம் தேதி மாத்த காசு வேண்டாம்னு அறிவிப்பாங்க, பெரும்பாலும் அது முந்தின நாள்தான் வரும். அதுக்கு காத்திருந்து, வந்த உடனே அடுத்த ரெண்டு நாளுக்குள்ள இருக்குற சீட்டுக்கு மாத்துங்க, சீக்கிரம் நெறஞ்சுடும். ஏஜெண்ட் மூலமா போட்ட டிக்கெட்டுல உங்க நம்பர் இருக்கா, அவரோட நம்பர் இருக்கான்னும் பாத்துடுங்க, கேன்சல் மெசேஜ் அவருக்கு போயி நீங்க ஏர்போர்ட்ல நிக்கிற கூத்து நிறைய நடக்குது.

ரோடெல்லாம் தண்ணி. ஏர்போர்ட்டுக்கு எப்படி போறது?

மெட்ரோ. நீல வழித்தடம் ஏர்போர்ட் வாசல் வரைக்கும் போகுது, காலை 5 மணில இருந்து. காரு, ஆட்டோன்னா சுரங்கப்பாதைய நம்பி வழி போடாதீங்க, அரை மணி நேர மழைல மூடிடுவாங்க. விடியக்காலை 4 மணிக்கு போகணும்னா மெட்ரோ கிடையாது, முந்தின ராத்திரியே பக்கத்துல எங்கயாவது தங்குறதுதான் நிம்மதி.

மதுரைல இருந்து சென்னை ஒரு டிக்கெட், சென்னைல இருந்து துபாய் இன்னொரு டிக்கெட். நடுவுல 3 மணி நேரம் இருக்கு, போதும்ல?

பிப்ரவரில போதும், நவம்பர்ல போதாது. தனித்தனி டிக்கெட்டுன்னா முதல் பிளைட் மழையால லேட்டானதுக்கு ரெண்டாவது ஏர்லைன் பொறுப்பே இல்ல, நீங்க வரல, அவ்ளோதான் அவங்க கணக்கு. மதுரை வானம் தெளிவா இருந்தாலும் வர்ற விமானத்தோட கதைய மேலயே சொல்லியிருக்கேன். ஒரே பிஎன்ஆர்ல, அதாவது ரெண்டு பிளைட்டும் ஒரே புக்கிங் நம்பர்ல போட்டா விட்டுப்போன பிளைட்டுக்கு பதிலா அடுத்தத அவங்களே குடுக்கணும், விலை கொஞ்சம் கூட இருந்தாலும் இந்த மூணு மாசத்துக்கு அப்படி போடுங்க. ஏற்கனவே தனித்தனியா போட்டாச்சுன்னா மதுரை டிக்கெட்ட முந்தின நாளுக்கு மாத்துங்க, இல்லன்னா அத விட்டுட்டு ராத்திரி ரயில்ல வந்துடுங்க. தண்டவாளத்துல தண்ணி ஏறுனா ரயிலும் நிக்கும், அதனால அன்னைக்கு காலைல வந்து சேர்ற ரயிலா இல்லாம முந்தின நாள் வந்து சேர்ற மாதிரி பாத்துக்கோங்க.